ஊரும் பாட்டும் – 9: எட்டாம் வேற்றுமை

1956-இல் பம்பாயைப் பற்றிய ஒரு பாட்டைப் பம்பாய்க்காரர் ரேடியோவில் கேட்க வேண்டுமானால் முள்ளைக் கொழும்புக்குத் திருப்ப வேண்டும். வேடிக்கையாக இருக்கிறதா? அன்றைய நிலைமை அப்படி. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே வேப்பங்காய். ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஒடுக்கி ஒடுக்கி ஓர் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார். தேசத்தின் காதுகளுக்குச் சாஸ்திரிய சங்கீதம் புகட்டுவது அவர் ஆசை. தேசமோ சிற்றலைக்குப் போய் இலங்கை வானொலியைப் பிடித்துக்கொண்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் தமிழ்ப் பாட்டுக்காக எந்த நிலையத்தைத் தேடினார்களோ, அதே நிலையத்தில்தான் வடக்கே இருந்தவர்களும் புதன்கிழமை இரவு 8 மணிக்குக் காத்திருந்தார்கள். பற்பசைக் கம்பெனி ஒன்றின் தயவில் நடந்த அந்த நிகழ்ச்சியின் பெயர் 'பினாகா கீத்மாலா'. நடத்தியவர் அமீன் சயானி.

சயானி நிகழ்ச்சியைப் பதிவு செய்ததென்னவோ பம்பாயில்தான். ஒலிநாடா விமானம் ஏறிக் கொழும்புக்குப் போகும், அங்கிருந்து சிற்றலையில் கடல் தாண்டித் திரும்பி வரும். அந்த வருஷக் கடைசியில் அவர் வரிசைப்படுத்திய பாடல்களில் முதலிடம் 'சி.ஐ.டி.' படத்தின் 'ஏ தில் ஹை முஷ்கில் ஜீனா யஹான்' பாட்டுக்கு. பம்பாயில் வாழ்வது எவ்வளவு சிரமம் என்று நெஞ்சிடம் முறையிடுகிற பாட்டு. ஒரு நகரத்தின் மேல் உள்ள புகார் இன்னொரு நாட்டுக்குப் போய், அந்த நகரத்துக்கே நேயர் விருப்பமாக வந்து சேர்ந்தது.

போன வாரம் நியூயார்க்கைப் பார்த்தோம். 1977-இல் ஒரு தோல்விப் படத்துக்காக எழுதி, லைசா மின்னெல்லி பாடி, பிறகு ஃபிராங்க் சினாட்ராவின் வாயில் விழுந்து ஊர்ப்பாட்டான கதை. அந்தப் பாட்டில் ஊருக்குள் நுழைகிறவன் மார்தட்டிக்கொண்டு நுழைகிறான். பம்பாயின் பாட்டில் மார்தட்டல் கிடையாது. இங்கே கட்டடம் இருக்கிறது, டிராம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மில் இருக்கிறது, மனுஷ இதயத்தை மட்டும் காணோம் என்று ஒருவன் புலம்பிக்கொண்டே போகிறான். ஒரு ஊரை இப்படித் திட்டிய பாட்டை அந்த ஊரே எப்படித் தன் கீதமாக வைத்துக்கொண்டது என்பதுதான் இந்த வாரக் கணக்கு.

முதலில் படம். 'சி.ஐ.டி.' குரு தத் தயாரிப்பு, ராஜ் கோஸ்லா இயக்கம். ஒரு பத்திரிகை ஆசிரியர் கொலையாகிறார், இன்ஸ்பெக்டர் தேவ் ஆனந்த் துப்புத் துலக்குகிறார். கதையை இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஜானி வாக்கருக்கு இதில் ஜேப்படிக்காரன் வேஷம். அவரும் நடிகை குங்குமும் குதிரை வண்டியில், பம்பாயில் அதற்கு விக்டோரியா என்று பெயர், மரைன் டிரைவ் பக்கம் போய்க்கொண்டே பாடுகிறார்கள். கொலைக்கும் இந்தப் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. கத்தரித்து எடுத்தாலும் கதை ஒரு நூல் அசையாது. படத்தில் இன்று பலருக்கும் நினைவிருக்கும் இடம் அதுதான்.

பாட்டுக்குப் பின்னால் இருந்தவர்களின் சொந்த ஊர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இசையமைத்த ஓ.பி. நய்யார் லாகூர். எழுதிய மஜ்ரூஹ் சுல்தான்புரி, பெயரே சொல்கிறது, உத்தரப் பிரதேசத்துச் சுல்தான்பூர்ப் பக்கம். பாடிய முகமது ரஃபி அமிர்தசரஸுக்கு அருகே ஒரு கிராமம். கூடப் பாடிய கீதா தத் கிழக்கு வங்காளத்து ஃபரீத்பூர். திரையில் வாயசைத்த ஜானி வாக்கர் இந்தூர், குங்கும் பீகார். இயக்குநர் பஞ்சாப், தயாரிப்பாளர் பிறந்தது பெங்களூர், ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி மைசூர். இதே படத்தில் இந்திக்கு அறிமுகமான வஹீதா ரஹ்மான் நம் செங்கல்பட்டு. 'காலம் மாறிப் போச்சு' படத்தில் ஆடிவிட்டு அப்போதுதான் ரயிலேறிப் போயிருந்தார். இந்தக் கதையில் பம்பாயிலேயே பிறந்தவர் என்று தேடினால் அமீன் சயானி ஒருவர்தான் அகப்படுகிறார். அவர் குரலும் கொழும்பிலிருந்து வந்தது.

வந்தேறிகள் பாடிய ஊர்ப்பாட்டு என்று இதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. ஊரிலேயே பிறந்தவனுக்கு ஊர் கண்ணில் படாது என்பேன் நான். மெட்ராஸில் பிறந்தவர்கள் எத்தனை பேர் மெரினாவுக்குப் போகிறார்கள்?

மஜ்ரூஹைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யுனானி மருத்துவம் படித்த ஹகீம் அவர். நாடி பிடித்துக்கொண்டிருந்த மனிதர் 1945-இல் ஒரு முஷாயராவில், அதாவது உருதுக் கவியரங்கத்தில், கஜல் வாசிக்கப் பம்பாய் வந்தார். தயாரிப்பாளர் கர்தார் கேட்டு, மறு வருஷமே 'ஷாஜஹான்' படத்தில் கே.எல். சைகல் அவர் பாட்டைப் பாடிவிட்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முற்போக்கு எழுத்தாளர் சங்கத்துக்காரர். சுதந்திரம் வந்த சூட்டில் நேருவைத் தாக்கும் கவிதை ஒன்றை மில் தொழிலாளர் கூட்டத்தில் படித்தார். பம்பாய் சர்க்கார் பிடித்து ஆர்தர் ரோடு ஜெயிலில் போட்டது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். கேட்க மாட்டேன் என்று 2 வருஷம் போல உள்ளே இருந்தார். குடும்பம் வெளியே தவித்தது. ராஜ் கபூர் ஜெயிலுக்கே ஆளனுப்பி ஒரு பாட்டு எழுதி வாங்கி, அதற்கு 1,000 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய பணம்.

ஆக, பம்பாய் சர்க்கார் ஜெயிலில் போட்ட ஆள் பம்பாயின் பாட்டை எழுதினார். இதை மனதில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டால், நகைச்சுவை நடிகருக்கு எழுதிய வேடிக்கைப் பாட்டுக்குள் ஒரு முள் தட்டுப்படும். வீடில்லாதவனைப் பார்த்து ஊதாரி, நாடோடி என்று சிரிக்கும் பெரிய மனிதர்கள், வியாபாரம் என்ற பெயரில் அடுத்தவன் கழுத்தை அறுக்கிறார்கள் என்று நடுவே ஒரு சரணம் போகிறது. தெருக்கூட்டத்தில் மேடை போட்டுச் சொல்லியிருந்தால் மறுபடியும் ஆர்தர் ரோடுதான். ஜானி வாக்கர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொன்னதால் தணிக்கைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள் போலும். கோமாளிக்கு ராஜ சபையில் உள்ள சலுகை.

ஜானி வாக்கரின் அசல் பெயர் பத்ருதீன் ஜமாலுதீன் காஜி. சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் பம்பாய் நகரப் பேருந்தில், அதாவது பெஸ்ட் பஸ்ஸில், கண்டக்டர். டிக்கெட் கிழிக்கும்போதே பலகுரலில் பேசிப் பயணிகளைச் சிரிக்க வைப்பார். அதைப் பார்த்த நடிகர் பல்ராஜ் சாஹ்னி அவரைக் குரு தத்திடம் அனுப்பினார். குடிகாரனாக நடித்துக் காட்டிய நடிப்பில் சொக்கிப்போன குரு தத், விஸ்கியின் பெயரையே வைத்துவிட்டார். காஜிக்குக் குடிப்பழக்கமே கிடையாது. ஊரிலும் அப்போது முழு மதுவிலக்கு. கண்டக்டர் வேலையைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மெட்டு நய்யாருடையதா? பாதி. அமெரிக்காவின் பழைய நாட்டுப்பாட்டு 'ஓ மை டார்லிங் கிளமன்டைன்' கேட்டிருப்பீர்கள். கான்வென்ட் பள்ளியில் படித்தவர்கள் பாடியும் இருப்பார்கள். அதன் எலும்புக்கூடு அப்படியே இதில் தெரியும். காப்பி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் எலும்பு மேல் நய்யார் போர்த்திய சதை லாகூர்ச் சதை. அவர் பாட்டுகளில் குதிரைக் குளம்போசை மாதிரி ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே திரையிலும் குதிரை வண்டி என்பதால் அது கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ரஃபி தன் குரலைக் கொஞ்சம் மூக்குக்கு ஏற்றி, கொஞ்சம் இழுத்து, ஜானி வாக்கர் பேசுகிற மாதிரியே பாடியிருக்கிறார். எட்டுக்கட்டைச் சாரீரம் படைத்த மனிதர் வேண்டுமென்றே தெருமுனைப் பாடகராகிவிட்டார். அதனால்தான் குளியலறையில் யாருக்கும் இது கைகூடுகிறது. அவரே சாஸ்திரிய ராகத்தில் பாடிய 'பைஜு பாவ்ரா' பாட்டை ஊர்கூடிப் பாட முடியுமா?

கிளமன்டைன் யார் தெரியுமா? கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு 1849-இல் ஓடிய சுரங்கக்காரன் ஒருவனின் மகள். தங்கம் தேடிப் போனவர்களின் மெட்டு, நூறு வருஷம் கழித்து, தங்கம் விளையும் என்று நம்பி ரயிலேறியவர்களின் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நய்யார் இதையெல்லாம் யோசித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. மெட்டு நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டார்.

பாட்டில் ஊரின் குற்றப்பட்டியல் ஒன்று வருகிறது. சட்டா, திருட்டு, குதிரைப் பந்தயம். குதிரைப் பந்தயம் தெரிந்ததே. மகாலட்சுமி மைதானம் 1883-லிருந்து இருக்கிறது. சட்டாதான் சுவாரசியம். அந்நாள் பம்பாயின் பெரிய சூதாட்டம் நியூயார்க் பருத்திச் சந்தையின் மேல் நடந்தது. அங்கே பருத்தி என்ன விலைக்குத் திறந்தது, என்ன விலைக்கு மூடியது என்று டெலிபிரின்டரில் பம்பாய் பருத்திச் சந்தைக்குத் தகவல் வரும். அந்த எண்ணின் மேல் காசு கட்டுவார்கள். பருத்தியைக் கண்ணால் பார்த்திராதவனும் கட்டலாம். பரேலில் பருத்தி நூற்கிற மில் தொழிலாளி, சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, கடலுக்கு அந்தப்புறத்துப் பருத்தியின் மேல் நாலணா வைப்பான். 1961-இல் நியூயார்க்கிலிருந்து எண் வருவது நின்றது. எண் வராவிட்டால் என்ன, பானைக்குள் சீட்டுப் போட்டு எடுப்போம் என்று ஆரம்பித்தார்கள். பானைக்கு அந்த ஊர் மொழியில் மட்கா. அந்த வார்த்தை நம் ஊர் வரை வந்துவிட்டது.

இப்போது பாட்டின் கடைசிக்கு வருவோம். ஆண் இத்தனை நேரம் ஊரைத் திட்டித் தீர்த்தபின் கீதா தத்தின் குரல் உள்ளே வருகிறது. உலகமே கெட்டது என்று சொல்லிக்கொண்டு அப்பாவி வேஷம் போடாதே, செய்தவன் அனுபவிப்பான், இந்த ஊர் வழக்கம் அது என்று ஒரு தட்டுத் தட்டுகிறாள். பிறகு அவன் பாடிய பல்லவியையே எடுத்து, ஒரே ஒரு சொல்லை மாற்றுகிறாள். 'முஷ்கில்' இருந்த இடத்தில் 'ஆசான்'. கஷ்டம் என்றவன் வாயடைக்க, சுலபம் என்கிறாள். மூன்று நிமிஷப் புகாருக்கு ஒரு சொல்லில் பதில்.

அவள் மட்டும் வராமல் போயிருந்தால் இது இன்னொரு வயிற்றெரிச்சல் பாட்டாகப் போயிருக்கும். அவள் மட்டுமே பாடியிருந்தால் சுற்றுலாத் துறை விளம்பரம். காலையில் எட்டரை லோக்கலில் கதவில் தொங்கும்போது அவன் பாட்டு, ராத்திரி கையில் கூலியோடு திரும்பும்போது அவள் பாட்டு என்று இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பொருந்துகிறது.

ஆனால் ஊர்கீதமானதற்கு முக்கியக் காரணம் நான் நினைப்பது வேறு. அது ஓர் இலக்கணப் பிழை.

பாட்டை ஜனங்கள் 'பம்பாய் மேரி ஜான்' என்றுதான் அழைக்கிறார்கள். 'ஜான்' என்றால் உயிர். 'மேரி ஜான்' என் உயிர். பம்பாய் என் உயிர்! எவ்வளவு உருக்கமான ஊர்ப்பற்று என்று தோன்றுகிறதல்லவா? பாட்டில் அப்படியில்லை. அங்கே அந்த உயிர், எதிரே நிற்கிற ஆளைக் கூப்பிடும் விளி. கண்ணே, ராசா, என் செல்லமே என்கிறோமே, அது. ஒதுங்கி நட, தப்பித்துப் போ, நீ வந்திருப்பது பம்பாய்க்கு, கண்ணு என்று ஊருக்குப் புதிதாய் வந்தவனுக்குக் கொடுக்கும் எச்சரிக்கை அது. நம் இலக்கணத்தில் இதற்கென்றே எட்டாம் வேற்றுமையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், விளி வேற்றுமை. பம்பாய்க்குப் பின்னால் ஒரு காற்புள்ளி இருக்கிறது. பாடும்போது காற்புள்ளி காதில் விழாது. நாளடைவில் அது உதிர்ந்துபோக, கூப்பிட்ட சொல் ஊரின் மேலேயே ஒட்டிக்கொண்டது. எச்சரிக்கை காதலாகிவிட்டது.

இப்போது கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். படியில் நிற்காதே, உள்ளே போ, கையை வெளியே நீட்டாதே என்று நாள் முழுக்கக் கத்திய மனிதர், திரையில் வந்து ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒருமுறை சொல்கிறார். அந்தக் கத்தலைத்தான் பிற்பாடு மக்கள் நெஞ்சில் கைவைத்துப் பாடினார்கள்.

இந்தப் பாட்டு வந்த வருஷத்தில் பம்பாய் யாருக்குச் சொந்தம் என்று தெருவில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மொழிவாரி மாநிலம் பிரிக்கும் நேரம். 1956 ஜனவரியில், பம்பாய் நகரம் மகாராஷ்டிரத்துக்குக் கிடையாது, மத்திய அரசின் கீழ் வைக்கிறோம் என்று நேரு அறிவித்தார். ஊர் பற்றி எரிந்தது, போலீஸ் சுட்டது. மந்திரிசபையிலிருந்து சி.டி. தேஷ்முக் ராஜினாமா செய்தார். சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் செத்தவர்கள் நூற்றுக்கு மேல். ஃப்ளோரா ஃபவுண்டன் சதுக்கத்துக்கு இன்று ஹுதாத்மா சௌக், தியாகிகள் சதுக்கம், என்று பெயர். மராத்திக்காரர்களுக்கு 1960 மே 1-ஆம் தேதிதான் பம்பாய் கைக்கு வந்தது.

அந்தத் தெருக்களில் ஒலித்தது நய்யார் மெட்டு இல்லை. அண்ணாபாவ் சாத்தேயின் பாட்டு. மாங் என்ற தலித் சாதியில் பிறந்து, பிழைக்க வந்து, மில்லில் வேலை பார்த்து, காட்கோபரின் சிராக் நகர் சேரியில் வாழ்ந்த மனிதர். மனைவியைக் கிராமத்தில் விட்டுவிட்டுப் பம்பாய் வந்த தொழிலாளியின் ஏக்கமாக அவர் எழுதிய 'மாஜீ மைனா' என்ற பாட்டு, மகாராஷ்டிரத்தோடு சேராமல் விடுபட்ட ஊர்களுக்கான ஏக்கமாகவும் மேடைதோறும் ஒலித்தது. அதற்கு முன்பே பம்பாயைப் பற்றி ஒரு லாவணியும் எழுதியிருந்தார். மூத்த லாவணிக் கவிஞர் பட்டே பாபுராவ் பம்பாயின் பவிசைப் பாடியதற்குப் பதில் அது. ஒருபக்கம் பணக்கார மலபார் ஹில், மறுபக்கம் மில் தொழிலாளரின் பரேல் என்று எதிரெதிரே நிறுத்திக் காட்டினார்.

மஜ்ரூஹும் இடதுசாரி, அண்ணாபாவும் இடதுசாரி. இருவரும் ஒரே ஊரை, ஒரே கோபத்தோடு பார்த்தவர்கள். பாட்டின் பலத்தில் அண்ணாபாவ் இம்மியும் குறைந்தவர் இல்லை, என் காதுக்குச் சில இடங்களில் கூர்மை அதிகம். ஆனால் அவர் பாட்டுக்கு மராத்தி தெரிய வேண்டும், லாவணி தெரிய வேண்டும். நய்யார் பாட்டுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். கூப்பிடும்போதே 'மிஸ்டர்' என்று இங்கிலீஷிலும் 'பந்து' என்று வங்காளி காதுக்கும் சேர்த்துக் கூப்பிடுகிறது. யாருக்கும் சொந்தமில்லாத மெட்டு, யாருக்கும் முழுதாகச் சொந்தமில்லாத பம்பாய் இந்தி. இன்றைக்கும் கிர்காவில், லால்பாகில் பிறந்த பழைய மராத்திக்காரர் ஒருவரிடம் இதுதான் உங்கள் ஊர்கீதமா என்று கேட்டால் முகம் சுளிக்க இடமிருக்கிறது. 'அதிகாரபூர்வமற்ற கீதம்' என்று எழுதும்போது யார் எழுதுகிறார்கள் என்றும் பார்க்கத்தான் வேண்டும். பெரும்பாலும் என்னைப் போல் வெளியூரில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள்.

பாட்டில் வந்த சாமான்கள் ஒவ்வொன்றாக ஊரை விட்டுப் போயின. 1964 மார்ச் 31 இரவு போரி பந்தரிலிருந்து தாதருக்குக் கடைசி டிராம் ஓடியது. குதிரை இழுத்த காலத்தையும் சேர்த்தால் 90 வருஷம் ஓடிய வண்டி. மில்களுக்கு 1982 ஜனவரி 18-இல் கெட்ட நேரம் பிடித்தது. தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி உள்ளே போகவே இல்லை. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் அதே பெயரில் ஷாப்பிங் மால். விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2015-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இப்போது குதிரையில்லாமல் பேட்டரியில் ஓடுகிற விக்டோரியாவில் சுற்றுலாக்காரர்கள் படமெடுத்துக்கொள்கிறார்கள். சட்டாவும் திருட்டும் மட்டும் இடம்பெயராமல் இருக்கின்றன.

ஊரின் பெயரும் போயிற்று. 1995-இல் மும்பை. பழைய பெயரைச் சொன்னாலே வம்பு என்ற காலமும் வந்தது. 2009-இல் 'வேக் அப் சித்' படத்தில் பாத்திரங்கள் பம்பாய் என்று பேசியதற்காகத் தயாரிப்பாளர் கரண் ஜோஹர் அரசியல் தலைவர் ராஜ் தாக்கரே வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1956-இன் பாட்டை யாரும் கேள்வி கேட்கவில்லை. அது சாவியைத் திருப்பிக் கொடுக்காத பழைய குடித்தனக்காரர் மாதிரி, பழைய பெயரோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

புத்தகக்காரர்களும் சினிமாக்காரர்களும் விடவில்லை. ஜெர்ரி பின்டோவும் நரேஷ் ஃபெர்னாண்டஸும் 2003-இல் தொகுத்த மும்பைக் கட்டுரைத் தொகுப்புக்கு 'பம்பாய் மேரி ஜான்' என்றே தலைப்பு. 2006 ஜூலை 11 மாலை, மேற்கு ரயில்வேயின் புறநகர் வண்டிகளில், 11 நிமிஷத்துக்குள் 7 குண்டுகள். மறுநாள் காலை ரயில் ஓடியது, ஜனங்கள் ஏறினார்கள். ஆகா, மும்பையின் மனவலிமை என்று பத்திரிகைகள் எழுதின. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்பதை ஒருவரும் தலைப்பில் போடவில்லை. அந்தக் குண்டுவெடிப்பைப் பற்றி நிஷிகாந்த் காமத் 2008-இல் எடுத்த படம் 'மும்பை மேரி ஜான்'. படம் முடியும் இடத்தில் பின்னணியில் ரஃபியின் குரல் வருகிறது. அங்கே கேட்கும்போது காற்புள்ளி திரும்பவும் முளைத்துவிடுகிறது. பார்த்துப் போ, தப்பித்துப் போ என்பதற்கு அன்று வேறு அர்த்தம்.

மகாராஷ்டிர அரசு 2023-இல், ஷாஹிர் சாப்ளே பாடிப் புகழ்பெற்ற 'ஜய் ஜய் மகாராஷ்டிர மாஜா'வை மாநில கீதமாக அறிவித்தது. ராஜா படே எழுதி ஸ்ரீநிவாஸ் களே இசையமைத்தது. எழுந்து நின்று பாட வேண்டிய நல்ல பாட்டு. மும்பை நகரத்துக்கென்று அப்படி ஒன்றை யாரும் அறிவிக்கவில்லை. நய்யார் பாட்டுக்கு எழுந்து நிற்க முடியாது, கால் தானாகத் தாளம் போடும்.

சில வருஷம் முன்பு தாராவி 90 அடி ரோட்டில் ஒரு தமிழ் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். பத்து வயதில், 1961-இல், சித்தப்பாவோடு ரயிலேறி வந்தவர். இந்தப் பாட்டைத் தெரியுமா அண்ணாச்சி என்று கேட்டேன்.

"தெரியாம என்ன தம்பி. கடேசி மூணு வார்த்த தெரியும். மத்தது எதுக்கு?"

எதிரே கட்டிங் சாயா குடித்துக்கொண்டிருந்த டாக்ஸிக்கார இளைஞன் பீகாரி. பேச்சில் பம்பாய் என்ற சொல் விழுந்ததும் போனில் பாட்டைத் தேடிப் போட்டுவிட்டான். முழுதும் கேட்டான். ரஃபியைத் தெரிந்திருந்தது, ஜானி வாக்கரைத் தெரியவில்லை. வரிசையாக வந்த சாமான்களில் ஒன்றில் மட்டும் தடுக்கி நின்று பெரியவரைப் பார்த்தான்.

"சாச்சா, யே ட்ராம் கியா சீஸ் ஹை?"

பெரியவர் என் பக்கம் திரும்பி, "இவனுக்கு டிராம் தெரியாதாம்" என்றார். பிறகு கிளாஸின் அடியில் தேங்கியிருந்த டீயில் விரலைத் தொட்டு, மேஜையில் தாதரிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் பக்கமாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாய் இரண்டு நீளக் கோடு இழுத்தார். நடுவில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்திக் காட்டினார். பையன் குனிந்து பார்த்தான். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கோடுகள் ஒரு முனையிலிருந்து காய ஆரம்பித்திருந்தன.

(தொடரும்)